கழட்ட முடியுமா?

அவர் எஸ்டேட் வீட்டைக் காலி செய்த அன்று லாரிக்காரர் அசந்துபோனார். கிராணி வீட்டுச் சாமான் என்றால் முழுநாள் வேலை என்று நினைத்து ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். வந்து பார்த்தால் கட்டில் துண்டு துண்டாகக் கயிறு கட்டி வாசலில் நிற்கிறது. அலமாரி பலகை பலகையாக அடுக்கிக் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உரிய திருகாணிகள் தனித்தனி பிளாஸ்டிக் பையில், அந்தந்தப் பலகையிலேயே கட்டியிருக்கின்றன. சுவரில் ஓர் ஆணி ஓட்டை கிடையாது. பிள்ளை பெற்று, வளர்த்து, கட்டிக் கொடுத்து, ஒரு சாவையும் பார்த்த வீடு அது. காலையில் பசியாறிவிட்டு வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிட்டார்கள்.

ஒரே ஒரு சாமான்தான் கழற்றாமல் ஏறியது. கம்ப்யூட்டர் திரை. அதன் உச்சியில் ஒரு சின்னக் கேமரா. அதைக் கருப்பு டேப்பால் சுற்றிச் சுற்றி ஒட்டி வைத்திருந்தார். லாரி ஆள் ஒருவர், உடைந்துவிடுமே என்ற நல்லெண்ணத்தில் டேப்பைப் பிய்க்கப் போனார்.

"ஏய், அதக் கழட்டாத" என்றார் இவர்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நான் அந்த ஆபீசில் சின்னக் கிராணி, அவர் பெரிய கிராணி. கிராணி என்றதும் வெளியாட்கள் ஏதோ பதவி என்று நினைக்கலாம். எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா, அவ்வளவுதான். அவருக்கும் ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் நானும் இங்கே சொல்லவில்லை. பாமாயில் எடுக்கும் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அவர் கிராணி. எனக்கு அங்கிள்.

எந்தச் சாமானைப் பார்த்தாலும் முதல் வேலையாகக் கவிழ்த்துப் பார்ப்பார். அடியில் திருகாணி இருக்கிறதா என்று விரலால் தடவுவார். பிறகு கேட்பார், "கழட்ட முடியுமா?" முடியும் என்றால் முகம் மலரும். முடியாது என்றால் அந்தச் சாமான் இலவசமாகக் கிடைத்தாலும் அவருக்கு வேண்டாம். ஆபீசில் காகிதங்களை ஸ்டேப்ளர் அடிக்க விடமாட்டார், கிளிப்தான். வீட்டில் கறிவேப்பிலை, முருங்கை, எலுமிச்சை எல்லாம் பழைய பெயின்ட் டின்களில்தான் வளர்ந்தன. முருங்கை டின்னுக்குள் வளர்ந்தால் எப்படி இருக்கும்? நோஞ்சானாக, பூத்தும் காய்க்காமல் நின்றது. "மண்ணுல வச்சிடுங்க அங்கிள், பாவம்" என்றால், "வச்சிட்டுப் போறப்ப என்னா செய்யுறது?" என்பார். அப்போது அவர் எங்கேயும் போவதாக இல்லை.

அவர் மனைவி, நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன், இதையெல்லாம் சிரித்தே சமாளித்தார். சமையலறைச் சுவரோடு சேர்த்து ஒரு கேபினெட் அடிக்க வேண்டும் என்பது ஆன்ட்டியின் பல வருட ஆசை. அது நடக்கவேயில்லை. பாத்திரமெல்லாம் சக்கரம் வைத்த தட்டுகளில் இருந்தன.

"இந்த மனுசன் என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் எங்கப்பாகிட்ட அதக் கேக்காம விட்டுட்டாரு புள்ள" என்பார் ஆன்ட்டி. "கோயில்ல போட்ட முடிச்சுலா. கழட்ட முடியாதுன்னு ஃபாதரே சொல்லிட்டாரு. இல்லாட்டி என்னையும் பலகை பலகையா அடுக்கி வச்சிருப்பாரு."

அவர் அதைக் கேட்டுச் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதுவும் நான் நச்சரித்ததால். அவருடைய அப்பாவும் கிராணி, இதே நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரப்பர் மரம் நின்ற வேறொரு கித்தாத் தோட்டத்தில். வீட்டுப் பின்பக்கச் சுவரோடு சேர்த்து மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு சின்னக் கெபி கட்டியிருந்தாராம். சிமெண்டில், கல் பதித்து, உள்ளே சுரூபத்தையும் சிமெண்டாலேயே இறுக்கி. அந்தத் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது. இயந்திரம் வந்து நிற்கிறது, அப்பா உளியை வைத்துச் சுரூபத்தைப் பெயர்க்கப் பார்க்கிறார். வந்தது. ஆனால் இரண்டு கையும் அங்கேயே தங்கிவிட்டன. கையில்லாத அந்த மாதா இவர் வீட்டு வரவேற்பறையில் ஒரு மர ஸ்டாண்டில் இருந்தார். ஸ்டாண்டில் ஒட்டாமல், சும்மா வைத்திருந்தார்கள்.

"நம்ம வீடு இல்ல புள்ள இது. கம்பெனி வீடு. ஒட்டிக்கிட்டா பிச்சுக்கிட்டுத்தான் போகணும்" என்றார். அதற்கு மேல் நான் கேலி செய்யவில்லை, கொஞ்ச நாளைக்கு.

அவர்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஆஸ்திரேலியா போய்விட்டாள். அவள் போன மறு வருடம் ஆன்ட்டிக்குச் சிறுநீரகம் இரண்டும் போனது. சர்க்கரைதான் காரணம். வாரத்தில் மூன்று நாள் சிரம்பானுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். மகள் அப்போது பிள்ளையாண்டிருந்தாள், விமானம் ஏறக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு பிள்ளை பிறந்தது, அதுவும் மாதம் நிறையாமல். அவளால் வர முடியாது, ஆன்ட்டியால் போக முடியாது.

அப்போது எங்கள் எஸ்டேட்டில் எல்லார் கையிலும் பட்டன் போன்தான். அதில் குரல் வரும், முகம் வராது. மகள் ஒவ்வொரு தடவையும் அழுவாள். அம்மா மோசமாக இருக்கிறார், எல்லாரும் மறைக்கிறீர்கள் என்பாள். பச்சைப் பிள்ளைக்காரி அழுதால் பால் வற்றிவிடும் என்று ஆன்ட்டிக்குப் பயம்.

"என் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டா அவ அடங்கிடுவா" என்றார் ஆன்ட்டி. "நல்ல புடவையக் கட்டிக்கிட்டு எதிர்ல உக்காந்து சிரிச்சா போதும். ஒரு கம்ப்யூட்டர் வாங்குங்க."

வாங்கலாம் என்று அவரும் உடனே சொன்னார். அங்கேதான் ஆரம்பித்தது.

ஆன்ட்டி சிரம்பானில் இயந்திரத்தோடு கட்டுண்டு படுத்திருக்கும் நேரமெல்லாம் அவர் பக்கத்திலிருந்த தெமியாங்கிலும் லோபாக்கிலும் கம்ப்யூட்டர் கடை கடையாக ஏறி இறங்கினார். அப்போதுதான் ஆல்-இன்-ஒன் என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. திரைக்குள்ளேயே எல்லாம் அடக்கம். தனியாகப் பெட்டி கிடையாது, ஒரே வயர். ஒரு நாள் சிகிச்சை முடிந்து வரும்போது கடை வாசல் கண்ணாடி வழியாக ஆன்ட்டியே அதைப் பார்த்துவிட்டார். வெள்ளை நிறம். திரைக்கு மேலே பொட்டு அளவுக்குக் கேமரா, உள்ளேயே பதித்தது.

"இதான் நல்லாருக்கு. கேமராவும் அதுலயே இருக்கு பாருங்க" என்றார் ஆன்ட்டி.

இவர் உள்ளே போய் அதைக் கவிழ்த்தார். விரலால் தடவினார். கடை முதலாளியான தவுக்கேயிடம் மலாயில் கேட்டார், "போலே புக்கா?"

"தா போலே லா அங்கிள்" என்றார் சீனத் தவுக்கே. திறக்க முடியாது, கம்பெனிக்குத்தான் அனுப்பவேண்டும்.

திரை மட்டும் போனால்? முழுசையும் அனுப்பவேண்டும். ஃபேன் மட்டும் போனால்? அப்போதும் முழுசும்தான். இவர் அதைத் திரும்ப நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தார். "ஒண்ணு கெட்டா எல்லாம் கெட்டுப்போற சாமான் வீட்டுக்கு வேணாம்" என்றார்.

ஆன்ட்டி வாசலிலேயே நின்றார். நானும் அன்று கூடப் போயிருந்தேன், அதனால் காதால் கேட்டேன்.

"எனக்கும் அப்படித்தான். கிட்னி போச்சு, இப்ப கண்ணுங்குறாங்க, அப்புறம் நெஞ்சுங்குறாங்க. என்னையும் திருப்பிக் குடுத்துடுறீங்களா?"

அவர் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் சொன்னது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் ஆபீசுக்கும் அவர்தான் தனித்தனியாக வாங்கவைத்தார். பெட்டி தனி, டிவி தனி. கம்ப்யூட்டர் திரையை எஸ்டேட்டில் எல்லாரும் டிவி என்றுதான் சொல்வோம். ஒரு மழையில் இடி விழுந்து டிவி அணைந்துபோனபோது, ஸ்டோரில் இருந்த பழையதை மாட்டி, பால் விடாத தே ஓ டீ ஆறுவதற்குள் வேலையைத் தொடரவைத்தார். மானேஜரே பாராட்டினார். சரியான ஆள்தான். ஆனால் சரியாக இருப்பதற்கு ஒரு நேரம் காலம் இருக்கிறது. அதை அவருக்கு யார் சொல்வது?

மாதக்கணக்கில் தேடி, கடைசியில் வாங்கினார். பெட்டி, டிவி, கீபோர்டு, ஸ்பீக்கர், குச்சி மாதிரி ஒரு மைக். எல்லாம் தனித்தனி, எல்லாவற்றுக்கும் திருகாணி உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போய்ப் பூட்டிக்கொடுத்தேன். வயர்களை எல்லாம் சொருகி முடித்துவிட்டுப் பார்த்தால் ஒன்று குறைகிறது.

"கேமரா எங்க அங்கிள்?"

"அது தனியா வாங்கிக்கலாம் லா. இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அதற்குள் ஆன்ட்டி வந்துவிட்டார். பூசைக்குக் கட்டும் மெரூன் பட்டு, கழுத்தில் முத்துமாலை, தலையில் மல்லிகை. கோயிலுக்குப் போகத் தெம்பில்லாமல் வாரக்கணக்காகப் படுத்திருந்தவர், திரைக்கு முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் மணி அடித்தது. திரையில் மகள் வந்தாள், தோளில் பிள்ளை.

ஆன்ட்டி பிள்ளையின் மூக்கையும் காதையும் பார்த்தார், "நம்ம மூக்கு" என்றார். பிறகு கேட்டார்.

"நான் தெரியுறேனா மா?"

மகள் வாய் திறப்பதற்குள் பின்னால் நின்றிருந்த இவர் சத்தமாகச் சொன்னார், "தெரியுது, தெரியுது. நீ பேசு."

 மகள் அப்பாவின் குரலைக் கேட்டுவிட்டாள். அவளுக்கு எதிரே இருந்தது வெறும் கருப்புக் கட்டம். "தெரியுதும்மா" என்றாள். "புடவை நல்லாருக்கும்மா."

"மெரூனு. ஒனக்கு ஞாபகம் இருக்கா, ஒன் கல்யாணத்துக்கு எடுத்தது."

"ஆமாம்மா. மெரூன்."

நான் எழுந்து வெளியே போய் அந்த நோஞ்சான் முருங்கை பக்கத்தில் நின்றேன். அவர் பின்னாலேயே வந்தார். "அடுத்த வாரத்துக்குள்ள வாங்கிடுறேன் புள்ள. அவ மனசு ஒடஞ்சிடக்கூடாதுன்னுதான்" என்றார். நம்பினேன்.

அடுத்த வாரம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒரு கேமராவின் கிளிப் சரியில்லை என்றார். இன்னொன்று திரும்பவில்லை என்றார். நானே வாங்கி வருகிறேன் என்று சொன்னதற்கு முகம் சிறுத்துவிட்டது. ஒரு தடவை நிஜமாகவே வாங்கினார். புதன்கிழமை வாங்கி, வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டார். வயர் கேமராவோடு சேர்ந்தே இருக்கிறதாம், கழற்ற முடியாதாம். "வயரு அறுந்தா முழுசும் வீணுலா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. இந்த ஆளுக்குக் கல்நெஞ்சு என்றுகூட நினைத்தேன். கல்நெஞ்சுக்காரர் விடியும் முன் எழுந்து மனைவிக்குத் தலைவாரிப் பின்னல் போட்டுவிட மாட்டார். அதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஞாயிறு தவறாமல் ஆன்ட்டி உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார். போன வாரம் கட்டிய புடவையை இந்த வாரம் கட்டமாட்டார். "அத அவ பாத்துட்டாலா" என்பார். இடது கையில் ஊசி போட்டுப் போட்டு நரம்பு கொழுக்கட்டை மாதிரி புடைத்துப் போயிருந்தது. மகள் பார்த்துவிடக் கூடாதென்று முந்தானையை இழுத்து இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டே பேசுவார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததால் பவுடரை அப்பிக்கொள்வார். அந்தப் பக்கம் மகள் கருப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "நல்லாத் தெளிஞ்சிட்டீங்கம்மா" என்பாள். 

கடைசி ஞாயிறு நீலப் புடவை. பேசி முடித்ததும் ஆன்ட்டிக்கு எழுந்திருக்க முடியவில்லை. நானும் அவரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். "இன்னைக்குக் கொஞ்சம் சோர்ந்து தெரிஞ்சேனோ?" என்று என்னைக் கேட்டார். "அவ மொகம் வாடிடுச்சே."

செவ்வாய்க்கிழமை இயந்திரத்தில் இருக்கும்போதே நெஞ்சு அடைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் நான் பார்க்கப் போனேன். வார்டு வாசலில் நின்றிருந்தார், கையில் கடைப் பை. கேமரா. கிளிப் எப்படி, வயர் எப்படி என்று ஒன்றும் கேட்காமல், முதலில் ஏறிய கடையில் முதலில் காட்டியதை வாங்கியிருந்தார்.

"வீட்டுக்கு வந்ததும் மாட்டிடுவோம்" என்றார்.

ஆன்ட்டி வீட்டுக்குப் பெட்டியில்தான் வந்தார். எஸ்டேட் கல்லறையில், செம்மண்ணில் அடக்கம் செய்தோம். குழி மூடும்போது அவர் நின்ற நிலையை எனக்கு எழுத வரவில்லை. வாழ்நாளில் அவர் அந்த மண்ணில் வைத்தது அது ஒன்றுதான்.

மகளால் வர முடியவில்லை. அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். கேமராவைத் திரைமேல் வைத்து, டேப் சுற்றி முடித்திருந்தார். வயரைச் சொருகச் சொன்னார், சொருகினேன். திரையின் மூலையில் சின்னக் கட்டம் ஒன்று திறந்து அதற்குள் ஒரு கிழவர் தெரிந்தார்.

"யாரு இது?" என்றார்.

"நீங்கதான் அங்கிள். நம்ம மொகம் நமக்கும் அந்த மூலையில தெரியும்."

அவர் அந்தக் கட்டத்தையே பார்த்தார். "அப்படின்னா அவளுக்கு அங்க…"

"ஆன்ட்டிக்கு அந்த மூலையில ஒண்ணும் தெரிஞ்சிருக்காது அங்கிள்."

ஆன்ட்டி அதைக் கவனித்தாரா, கவனித்தும் பேசாமல் இருந்தாரா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. இனிமேல் கேட்கவும் ஆளில்லை. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, ஆன்ட்டியின் நாற்காலியில் உட்காராமல், அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மணி அடித்தது. மகள் வந்தாள். வந்தவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா… தெரியுறீங்கப்பா."

"சும்மா சொல்லாத."

"நெசமாப்பா. தெரியுறீங்க."

"அப்படித்தான் சொல்லுவ நீ. எனக்குத் தெரியாதா?" குரல் உடைந்து வந்தது. "என்னா தெரியுது? சொல்லு பாப்பம்."

மகள் கண்ணைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். "அம்மா நாற்காலி தெரியுது. பக்கத்துல நீங்க. வெள்ளைச் சட்டை. பட்டன மாத்திப் போட்டிருக்கீங்கப்பா. ஒரு பக்கம் ஏறி இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். ஆமாம், மாறித்தான் இருந்தது. கை பட்டனைக் கழற்றப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு, மாறிப் போட்ட சட்டையோடு அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு மா" என்றார்.